பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி': தெற்கு டர்பனிலிருந்து ஒரு விமர்சனம்

ராக் இசையின் கனமான கிளையான ஹெவி மெட்டலை எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் பெரும்பாலானவர்கள் இங்கிலாந்துக் குழுவான பிளாக் சபாத்தின் இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்ட்'டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கொடுப்பது அதற்கு அடுத்து 1971ல் வந்த மூன்றாவது ஆல்பம், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. மொத்தம் 8 உருப்படி, அதில் இரண்டு வெறும் கிட்டார் துணுக்கு, எல்லாம் சேர்த்து 34 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மெட்டல் என்றாலே வேகம், கத்தல், காதைக் கிழிக்கும் சத்தம் என்று நினைத்து ஒதுங்கிப் போனவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான். இதில் வேகம் கம்மி, கத்தலும் கம்மி. ஆனால் கனம் இருக்கிறது பாருங்கள், அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய ஆம்ப்ளிஃபையர்களை அடுக்கி வைத்து வாசித்தும் அந்தக் கனம் வரவில்லை.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்த நாலு பையன்கள் இவர்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். கிட்டார் டோனி அயோமி தகரம் வெட்டும் தொழிற்சாலையில் இருந்தார். 1965ல், 17 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று முடிவு செய்து கடைசி நாள் வேலைக்குப் போனார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிமேல் போகவில்லை என்று சொல்ல, அம்மாதான் "ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்களாம். அன்று பிற்பகல் பழக்கமில்லாத ஒரு பிரஸ் மெஷினில் கை மாட்டி வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் கம்பியை அழுத்திப் பிடிப்பது அந்த வலது கைதான். இனிமேல் வாசிக்கவே முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் உலகமே வியக்க வாசித்த கலைஞர் அவர். அதற்குப் பிறகு அயோமி செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்வேன்: பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை மாதிரி வார்த்து, அதன் மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பி அந்த விரலுக்கு வலித்தது. மெல்லிய கிட்டார் கம்பி அப்போது கடையில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை வாங்கி மாட்டினார். அதுவும் போதாமல், கம்பி தளர்ந்து இருந்தால் அழுத்துவது சுலபம் என்று சுருதியையே இறக்கினார்.

இந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் அந்தச் சுருதி இறக்கம் முழுசாகத் தெரிகிறது. நம் கணக்கில் சொன்னால், சாதாரணமாகக் கிட்டாரின் அடிக்கம்பி மூன்று கட்டையில் நிற்கும். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு தி வாய்ட்' மூன்றிலும் அது ஒன்றரைக் கட்டையில் நிற்கிறது. பேஸ் கிட்டார் வாசிக்கும் கீசர் பட்லரும் கூடவே இறங்குகிறார். திமிரி நாதஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு ராஜரத்தினம் பிள்ளையின் சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரம் முதல் தடவை என்ன செய்திருக்குமோ அதைத்தான் இது ராக் கேட்டவர்களுக்குச் செய்தது. சுருதி இறங்கினால் நாதம் அகலமாகும், மெதுவாக வாசிக்க இடம் கிடைக்கும், ஒவ்வொரு ஸ்வரமும் உட்கார்ந்து பேசும். ஒரு பையனின் வெட்டுப்பட்ட விரல் வலிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு ஒரு முழு இசை வகைக்கே சுருதியாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

நான் மியர்பேங்க்கில் வளர்ந்தவன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, இந்தியர்கள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று நிறவெறி அரசாங்கம் கோடு போட்டு ஒதுக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அப்போது ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் இன்னொரு சுத்திகரிப்பு ஆலை, நடுவில் காகித ஆலை, கொஞ்சம் தள்ளி ஜேக்கப்ஸ், மொபேனி தொழிற்பேட்டைகள், 2010 வரைக்கும் தலைக்கு மேலே விமானம் வேறு. ஆயா துணி காயப்போட வெளியே வரும்போது முதலில் மூக்கைத்தான் தூக்கிப் பார்ப்பார். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் துணி உள்ளேயே கிடக்கும். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் பையில் ஆஸ்துமா பம்ப் இருக்கும். ஆஸ்டனைப் பற்றி இந்த நாலு பேரும் பேட்டிகளில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அது அந்நியமான ஊராகவே தெரிந்ததில்லை.

இந்த ஆல்பத்தை ஒரு நாள் வீட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் வருஷக்கணக்காக பிரஸ் மெஷினில் நின்றவர். பழைய தமிழ்ப் படப் பாட்டு தவிர வேறு எதற்கும் காது கொடுக்காதவர், 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் அதிகமா இருக்கா மாமா? குறைக்கட்டுமா?"

"சத்தம் இல்லடா. மெதுவாத்தானே வாசிக்கிறான். மெதுவா வாசிச்சா ஏன் இவ்வளவு பாரமா இருக்கு?"

அயோமியின் கதையைச் சொன்னேன். அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த மெஷின், கை வைக்கும் இடத்தில் கம்பித் தடுப்பு இருந்ததா இல்லையா, எந்தக் கை, எந்த விரல் என்று வரிசையாக விசாரித்தார். நடுவிரலும் மோதிர விரலும் என்றதும் தன் கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெருவிரலால் அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்து, "வேலை செய்யற ரெண்டு விரலும் போச்சேடா" என்றார். அப்புறம் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த ஆல்பத்துக்கு நான் கேட்ட விமர்சனங்களிலேயே அந்தக் கேள்விதான் சரியான விமர்சனம்: மெதுவாக வாசித்தால் ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது?

சரி, பாட்டுக்கு வருவோம்.

முதல் பாட்டு 'ஸ்வீட் லீஃப்' இருமலோடு தொடங்கும். ஸ்டுடியோவில் கஞ்சாப் புகை தொண்டையில் ஏறி அயோமி இருமியதை அப்படியே எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டிவிட்டார்கள். பாட்டே கஞ்சாவுக்கு எழுதிய காதல் கடிதம்தான். உலகம் முழுக்க கஞ்சாக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு ரகமே டர்பன் பெயரில் இருக்கிறது, வீட்டில் வைத்துப் புகைப்பது குற்றமில்லை என்று நம் அரசியலமைப்பு நீதிமன்றமும் 2018ல் சொல்லியாகிவிட்டது, அதனால் இங்கே யாரும் இந்தப் பாட்டைக் கேட்டு அதிர்ச்சி அடையப் போவதில்லை. ஆனாலும் இதன் வரிகள் எனக்கு எப்போதும் பலவீனமாகத்தான் பட்டிருக்கின்றன. புகழ்கிறார்கள், புகழ்கிறார்கள், அதோடு சரி. அந்த கிட்டார் ரிஃப் மட்டும் இல்லாவிட்டால் பாட்டு நிற்காது. ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வரும் சின்ன ஸ்வரக் கோர்வை, மெட்டலில் பாட்டின் முதுகெலும்பு அதுதான், இங்கே அது நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் பில் வார்டு டிரம்ஸில் ஒரு ஓட்டம் ஓடுகிறார், அந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜீன் க்ரூப்பாவின் ரசிகர். கனமான ரிஃப்புக்கு அடியில் அந்தக் கை ஆடிக்கொண்டே போகிறது. பிற்காலத்து மெட்டலில் இந்த ஆட்டம் தொலைந்து போய், டிரம்ஸ் வெறும் அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது என்பது என் வருத்தம்.

இரண்டாவது 'ஆஃப்டர் ஃபாரெவர்'. இந்தக் குழுவைச் சாத்தான் குழு என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரு தடவை வரிகளைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். எழுதியவர் பட்லர், கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர். சாவுக்குப் பிறகு என்ன என்று யோசித்தாயா, நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று பயந்து கடவுளை மறுக்கிறாயா என்று நேருக்கு நேர் கேட்கும் பாட்டு. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் மாரியம்மன் கோவில், பாதிப் பேர் பெந்தகொஸ்தே சபை. டர்பனில் தமிழ்க் குடும்பம் என்றால் இது சகஜம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சபைக்குப் போகும் சித்தி சாப்பிடாமல் ஒதுங்கி நிற்பார், ஆனால் பாத்திரம் தேய்த்துக் கொடுப்பார். அந்தச் சித்தி இந்த இசைத்தட்டின் உறையைப் பார்த்து, கறுப்பில் நெளியும் ஊதா எழுத்தைப் பார்த்து, இதை வீட்டில் வைக்காதே என்று சண்டை போட்டவர். இந்தப் பாட்டின் வரிகளைத் தமிழில் சொல்லிக் காட்டியதும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை ஞாயிற்றுக்கிழமை சபையிலேயே பாடலாமே" என்றார். பாட்டு என்ற அளவில் இது ஆல்பத்தின் உச்சம் இல்லை. கொஞ்சம் பிரசங்க வாடை இருக்கிறது, ரிஃப்பும் மற்றதைவிட லேசு. ஆனால் கழுத்தில் சிலுவை தொங்க மேடையேறிய இந்தப் பையன்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

'எம்ப்ரியோ' அரை நிமிடம்கூட வராது. கிட்டார் துணுக்கு, அவ்வளவுதான், அடுத்த பாட்டுக்கு வாசல். அந்த அடுத்த பாட்டு 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்'. இதில் நான் நிறைய நேரம் நிற்கப் போகிறேன்.

குதிரை ஓட்டம் மாதிரியான ஒரு லயம், ஆல்பத்திலேயே வேகமான பாட்டு இதுதான். பில் வார்டு டிரம்ஸ் வாசித்ததோடு நிற்காமல் அதன் மேல் கூடுதலாகத் தாள வாத்தியத்தையும் பதிவு செய்து சேர்த்திருக்கிறார். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த இரண்டாவது தாளம் பக்கத்திலேயே தனியாகத் துடிப்பது தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் போகும்போது கூட்டத்துக்குள் நின்று கேட்டவர்களுக்கு, ஒரு தாளத்தின் மேல் இன்னொரு தாளம் ஏறி உட்காரும்போது உடம்பு தானாக முன்னால் போவது தெரியும். அணுகுண்டின் நிழலில் வளரும் பிள்ளைகள் தெருவில் இறங்கி, இந்த உலகத்தை மாற்றாவிட்டால் எல்லாரும் கல்லறைப் பிள்ளைகள்தான் என்று சொல்வதுதான் பாட்டு. கடைசியில் கிட்டார் அடங்கி, பாட்டின் பெயரைக் கிசுகிசுக்கும் குரல் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பாட்டு வந்த 1971ல் எங்கள் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? தென்னாப்பிரிக்காவில் அப்போது தொலைக்காட்சி கிடையாது, 1976ல்தான் வந்தது. ராக் பாட்டு கேட்க வேண்டுமென்றால் மொசாம்பிக்கிலிருந்து வந்த எல்.எம். ரேடியோவைப் பிடிக்க வேண்டும். அதே வருஷம்தான் டர்பனில் நேட்டால் இந்தியர் காங்கிரஸுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மியர்பேங்க்குக்குப் பக்கத்தில் வென்ட்வர்த்தில், சுத்திகரிப்பு ஆலையின் புகையில், கறுப்பின மருத்துவ மாணவர்களுக்கான ஆலன் டெய்லர் விடுதி இருந்தது. நிறவெறியை எதிர்த்த கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ அங்கே தங்கிப் படித்தவர். அந்த இயக்கத்தில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் மாதிரி நம்மவர்களும் இருந்தார்கள். 1974ல் கரீஸ் ஃபவுன்டன் மைதானக் கூட்டத்துக்குப் பிறகு பிடிபட்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். அவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பர்மிங்காமில் ஒரு 21 வயதுப் பையன் எழுதிய வரிகளை எங்கள் தெருவில் நடந்துகொண்டே கேட்டால் அவை வேறு யார் யாருடைய முகங்களையோ கொண்டுவருகின்றன என்றுதான் சொல்கிறேன்.

அதனால்தான் அடுத்து நான் எழுதப் போவது எனக்கு வலிக்கும் விஷயம். 1987ல் பிளாக் சபாத் என்ற பெயரைத் தாங்கி ஒரு குழு சன் சிட்டியில் வந்து வாசித்தது. சன் சிட்டி என்றால் இளையவர்களுக்கு நீச்சல் குளமும் சூதாட்டக் கூடமும் ஞாபகம் வரும். அப்போது அது போபுதட்ஸ்வானா என்று நிறவெறி அரசாங்கம் சுதந்திர நாடு மாதிரி நாடகம் போட்டுக் காட்டிய இடத்தில் இருந்தது. அங்கே வாசிக்காதீர்கள் என்று உலகக் கலைஞர்கள் 1985லேயே ஒன்றுகூடிக் குரல் கொடுத்திருந்தார்கள். இந்த ஆல்பத்தை உருவாக்கிய நாலு பேரில் அப்போது குழுவில் மிச்சம் இருந்தவர் அயோமி மட்டும். டிரம்ஸ் வாசிக்க இருந்த பெவ் பெவன், நான் அங்கே வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார், அவர் இடத்தில் டெர்ரி சைம்ஸ் வந்து வாசித்தார். அயோமியின் விரலுக்காக நெஞ்சு கனக்கும் நான் இதையும் அவர் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' எழுதிய குழுவின் பெயர் அந்த மேடையில் ஏறியிருக்கவே கூடாது. பெவனின் பெயரைப் பிளாக் சபாத் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, தென்னாப்பிரிக்க ரசிகர்களாவது பேச வேண்டும். அதற்காக 1971ன் பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவேனா என்றால் மாட்டேன். அந்தப் பாட்டு தன் வார்த்தையை மீறவில்லை. பாட்டை ஒரு தட்டிலும் 1987ஐ இன்னொரு தட்டிலும் வைத்து, இரண்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நான் கேட்கிறேன்.

இசைத்தட்டைத் திருப்பினால் 'ஆர்க்கிட்', ஒன்றரை நிமிடம், மின்சாரம் இல்லாத கிட்டார். அழகான சின்ன உருப்படி. அது முடிந்த அடுத்த கணம் 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' வந்து விழும். மாமாவை உட்கார வைத்த பாட்டு. சாத்தான் பேசுகிற மாதிரி எழுதியது, ஆனால் சாத்தானைப் புகழ அல்ல: நீங்களே பேராசைக்கு என்னை எஜமானனாக்கிக்கொண்டு இப்போது ஏன் அழுகிறீர்கள் என்று மனுஷனைக் கேட்கிறது. இங்கே பட்லரின் பேஸைக் கவனியுங்கள். கிட்டார் போகும் வழியிலேயே போய்க்கொண்டிருந்து, திடீரென்று கம்பியை வளைத்து ஒரு கமகம் வைத்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். கம்பி தளர்ந்திருப்பதால்தான் அந்த வளைவு அவ்வளவு தாராளமாக வருகிறது. தயாரிப்பாளர் ரோஜர் பெய்னின் ஒலிப்பதிவில் எதிரொலி பூச்சு அதிகம் இல்லை, எல்லாம் வறண்டு, பக்கத்தில் கேட்கிறது. முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தவர்களுக்கு இந்தத் தடவை லண்டன் ஐலண்ட் ஸ்டுடியோவில் நேரம் கிடைத்திருக்கிறது, அது காதுக்குத் தெரிகிறது.

'சாலிட்யூட்' இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, மெட்டல் ரசிகர்கள் பலர் தாண்டிப் போகும் பாட்டும் அதுதான். காதலி விட்டுப் போன பிறகு தனியாக உட்கார்ந்திருப்பவனின் பாட்டு. டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை, அயோமி புல்லாங்குழல் வாசிக்கிறார், ஆஸியின் குரல் அவ்வளவு மென்மையாக இருப்பதால் இது அவரே இல்லை, பில் வார்டு பாடியது என்று இன்றைக்கும் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸிதான். அவருக்குப் பெரிய குரல்வளம் இல்லை, சங்கதி எதுவும் போட மாட்டார், பல பாட்டில் ரிஃப் போகும் ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு போவார். ஆனால் தொலைந்து போன பிள்ளையின் குரல் அது, அதைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது. 2025 ஜூலை 5ஆம் தேதி, தான் வளர்ந்த ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி பழைய மூன்று பேரோடும் கடைசியாகப் பாடினார். ஜூலை 22ஆம் தேதி போய்விட்டார். அன்றைக்கு எல்லாரும் 'பாரனாய்ட்' போட்டார்கள், நான் இந்தப் பாட்டைப் போட்டேன்.

கடைசிப் பாட்டு 'இன்டு தி வாய்ட்'. ஆறு நிமிடம் சொச்சம். மெதுவாகத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் ஒரு ரிஃப், பிறகு நடுவில் வேகம் பிடித்து, மறுபடி இறங்கும். இதை வாசிக்க வார்டு மிகவும் திணறியிருக்கிறார், என்னால் முடியாது என்று கைவிடும் அளவுக்குப் போனதாகவும், வேறு வேறு ஸ்டுடியோவில் முயன்று பார்த்ததாகவும் அயோமி பின்னால் எழுதியிருக்கிறார். முடிவில் கிடைத்திருப்பதைக் கேட்டால் அந்தப் பாடு வீண் போகவில்லை. கால மாற்றம் வரும் ஒவ்வொரு இடத்திலும் நாலு பேரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள், ஒருவர்கூட முந்தவில்லை. இன்றைக்கு டூம், ஸ்டோனர் என்று பெயர் வைத்துக்கொண்டு மெதுவான மெட்டல் வாசிக்கும் குழுக்கள் எல்லாம் இந்த ஒரு பாட்டின் பேரப்பிள்ளைகள்தான்.

வரிகளுக்கு வருவோம். மனிதன் பூமியைப் புகையாலும் அழுக்காலும் நாசம் செய்துவிட்டான், மிஞ்சியவர்கள் ராக்கெட் ஏறி வேறு உலகம் தேடிப் போகிறார்கள் என்பதுதான் கதை. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே தெருவில் புழங்காத 1971ல், தொழிற்சாலைப் புகையில் வளர்ந்தவர்கள் எழுதியது. வெளியூர்க்காரர்கள் இதை விஞ்ஞானக் கற்பனை என்று எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி ஆலைக் கோபுரத்தின் உச்சியில் தீக்கொழுந்து எரிய, அந்த ஆரஞ்சு வெளிச்சம் படுக்கையறைச் சுவரில் விழுந்து ஆடுவதைப் பார்த்துத் தூங்கிய எங்களுக்கு இதில் ராக்கெட் மட்டும்தான் கற்பனை. நாங்கள் ராக்கெட் ஏறவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாளி வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், மனு எழுதினார்கள், ஆலை வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அந்த வகையில் பாட்டின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை, விட்டுவிட்டுப் போவது எனக்குத் தீர்வாகத் தெரியவில்லை. ஆனால் முதல் பாதி வரிகளில் இருக்கும் கோபம் இருக்கிறதே, அது நியாயமான கோபம், எங்களுடைய கோபம்.

அன்றைய பத்திரிகை விமர்சகர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஆல்பத்தை முரட்டுத்தனம், ஒரே மாதிரி என்று தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் கேட்கவில்லை, இங்கிலாந்தில் 5ஆம் இடம், அமெரிக்காவில் 8ஆம் இடம் வரைக்கும் கொண்டுபோனார்கள். ராக் எல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், உனக்கு எதற்கு என்று இங்கேயும் சொல்வார்கள். டர்பனிலிருந்து கிளம்பிய 'தி ஃப்ளேம்ஸ்' குழுவிலிருந்து ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972ல் அமெரிக்காவில் பீச் பாய்ஸ் குழுவிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைச் சொன்னால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவது? 2009ல் வந்த இரட்டை சிடி பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். இரண்டாவது சிடியில் வேறு வரிகளோடு பாடிய 'ஸ்வீட் லீஃப்', ஆல்பத்தில் சேராமல் போன 'வீவில் வுமன் 71' எல்லாம் இருக்கிறது, பாட்டு எப்படி உருவானது என்று கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது தங்கம். இசைத்தட்டு வேண்டும் என்பவர்கள் முடிந்தால் கடைக்கு நேரில் போய், தட்டை வெளியே எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கியது எனக்கு டர்பன் வெயிலில் வளைந்துபோய் வந்து சேர்ந்தது, மாற்றித் தரச் சொல்லி அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. பழைய அமெரிக்கப் பதிப்பு கைக்கு வந்தால் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், ஆல்பத்தின் பெயரை 'மாஸ்டர்ஸ்' என்று பன்மையில் தப்பாக அச்சடித்தவை உண்டு, சேகரிப்பவர்கள் அதைத் தேடுகிறார்கள். கைபேசியில் கேட்பவர்கள் தயவுசெய்து அந்தக் கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். ஒன்றரைக் கட்டையில் பட்லர் வாசிப்பது அதில் வரவே வராது, வெறும் கரகரப்புதான் கேட்கும். ஹெட்ஃபோன் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல பேஸ் உள்ள காரில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சதர்ன் ஃப்ரீவேயில் கேளுங்கள்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், 'ஸ்வீட் லீஃப்' வரிகளையும் சேர்த்துத்தான். இது பிடித்துப் போனவர்களுக்கு அடுத்தது 1972ல் வந்த 'வால்யூம் 4', அதில் பியானோ எல்லாம் வருகிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.